வீடு தேடி வரும் ரேடியேட்டர்

ரேடியேட்டர் ஒழுங்காக இருக்கும்வரை, அப்படி ஒரு சாமான் தன் காரில் இருப்பதே கார்க்காரருக்குத் தெரியாது. அது கெட்டுப்போன நாளிலிருந்து வேறு எதுவுமே தெரியாது. சிக்னலில் பச்சை விழுந்ததைக்கூடக் கவனிக்காமல், சூட்டைக் காட்டுகிற அந்தச் சின்ன முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பானட்டிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்ப, பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிக்க, ஓரங்கட்டி நிறுத்திவிட்டு யாரைக் கூப்பிடுவது என்று முழித்தவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், நாம் ஏற்கெனவே பாதி உறவு.

என் பெயர் சேவியர். பெருங்குடியில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தேன். கடைசி நான்கு வருஷம் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு டேப்லெட்டைக் கொடுத்து, வாடிக்கையாளரிடம் பேசுகிற வேலையில் போட்டார்கள். வண்டியைத் தொடாமல் வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பது எனக்குச் சரிப்படவில்லை. கொதித்துப்போன வண்டியை ஓட்டி வர முடியாது, லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். அதற்குப் பதில் ரேடியேட்டரை எடுத்துக்கொண்டு நாமே அவர்கள் வீட்டுக்குப் போனால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. போனேன். ஏழு வருஷமாகப் போய்க்கொண்டே இருக்கிறேன். கெட்டுப்போன வண்டிகளில் பாதி எனக்கு மறந்துவிட்டது. வண்டிக்குப் பக்கத்தில் நின்றவர்களை மறக்கவில்லை.

துளசிக்கு ஊற்றிய மிச்சம்

முதல் வேலை மயிலாப்பூரில், குளத்தை ஒட்டிய ஒரு சந்தில். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமி. பன்னிரண்டு வயதான கார். ஆனால் கீறல் இல்லை, தூசு இல்லை, டேஷ்போர்டில் ஒரு பிள்ளையார், அவருக்குத் தினமும் புதுப் பூ. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் ரேடியேட்டர் மாற்றியதாகவும், அந்தப் படுபாவி மெக்கானிக் டூப்ளிகேட் போட்டு ஏமாற்றிவிட்டதாகவும் மாமி போனிலேயே சொல்லியிருந்தார். நீயாவது நியாயமாக நடந்துகொள் என்பது அதற்கு அர்த்தம்.

கழற்றிப் பார்த்தால் அது டூப்ளிகேட் இல்லை, அசல் கம்பெனி சாமான். உள்ளே மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை வெள்ளையாக உப்பு. தண்ணீர் போகிற மெல்லிய குழாய்களில் முக்கால்வாசி அடைத்துப்போயிருந்தது. என்ன தண்ணீர் ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். காலையில் துளசிக்கு ஊற்றிய கையோடு அதே வாளியிலிருந்து காருக்கும் ஒரு சொம்பு ஊற்றுவது வழக்கமாம். இத்தனை சிரத்தையாக யார் கவனித்துக்கொள்வார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். துளசிக்குப் போவது போர் தண்ணீர். அந்தத் தெருவில் போர் தண்ணீர் வாயில் வைத்தால் கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்று புரியும்.

எத்தனை சொல்லியும் மாமி நம்பவில்லை. கடைசியில், குளிக்க வெந்நீர் போடுகிற பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டச் சொன்னேன். அடியில் விரல் தடிமனுக்கு உப்பு ஏடு. அதையும் ரேடியேட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். புதியதைப் பொருத்தி, எஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றி மூடினேன். சொம்பை நான் கேட்காமலே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தார். அந்தப் பழைய மெக்கானிக்கின் நம்பரைத் தேடி எடுத்து, அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். பிறகு என்னிடம் சொன்னார்:

"ஆத்துல மனுஷாளே கேன் தண்ணி வாங்கிக் குடிச்சுண்டு இருக்கோம், அதுக்கு மட்டும் போர் தண்ணியை ஊத்தி, பாசமா வளக்கறேன்னு நெனச்சுண்டு இருந்திருக்கேன் பாரு."

கடல் இருக்கும்போது எதற்கு

ஆரம்பத்தில் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். தனி ஆளாக ரேடியேட்டர் மாற்றியவர்களுக்குத் தெரியும், இரண்டு கை போதாது. ஒரு கை ஃபேனைத் தாங்க, ஒரு கை ரேடியேட்டரைத் தூக்க, போல்ட்டைத் திருகப் பல்லால்தான் ஸ்பானரைக் கவ்வ வேண்டும்.

நொச்சிக்குப்பத்தில் மீன் ஏற்றுகிற ஒரு வேன். ஒரே ஒரு போல்ட் துருப்பிடித்து மாட்டிக்கொண்டு அசையவே இல்லை. அரைமணி நேரம் முக்கினேன். எதிரில் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டிமேல் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். கடைசியில் எழுந்து வந்து, என்னிடம் எதுவும் கேட்காமல், போல்ட்டின் தலையில் டீசல் தடவி, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். பிறகு கழற்றுகிற பக்கம் திருப்பாமல் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் திருப்பினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். அதன்பிறகு போல்ட் விரலாலேயே கழன்று வந்தது.

அவர்தான் முனுசாமி. இருபது வருஷமாகப் படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவர். படகு கடலுக்குப் போகாத நாட்களில் சும்மாதான் இருக்கிறேன் என்றார். சும்மா இருக்கிற நாட்களில் என்னோடு வர முடியுமா என்று கேட்டேன். வந்தவர் பிறகு எல்லா நாளும் வர ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு அந்த வேன் வேலை முடிந்ததும், கழற்றிப்போட்ட பழைய ரேடியேட்டரைக் காலால் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியேட்டர் வேலை இதற்கு முன்னால் செய்ததுண்டா என்று கேட்டதற்கு, கடல் தண்ணீரையே உறிஞ்சி எஞ்சினைக் குளிரவைத்துத் திரும்பக் கடலிலேயே துப்பிவிடும் படகைப் பற்றிச் சொல்லிவிட்டு இப்படி முடித்தார்:

"எங்களுக்கு ரேடியேட்டர்லாம் இன்னாத்துக்கு நைனா? அதான் அம்மாம் பெரிய கடலு கீதே."

ஒரு அளவு குறைந்தது

ரேடியேட்டர் தேர்ந்தெடுப்பது எளிது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கம்பெனி சாமானா, வெளிச் சாமானா, அலுமினியமா, செம்பா என்றெல்லாம் மணிக்கணக்கில் கேட்பார்கள். கேட்க வேண்டியதை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு நானும் கேட்கவில்லை.

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. கடை ஒரு தெரு, வீடு பின் தெரு. ஆடி மாதம். கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். அதற்கு நடுவில், மறுநாள் விடிந்ததும் குடும்பத்தோடு திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைக்குப் புறப்பட வேண்டும். மாடல், வருஷம், பெட்ரோல் என்று எல்லாம் போனில் சரியாகச் சொன்னார். ஆர்.சி. புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினார். நானும் அதை வைத்து ரேடியேட்டரை வாங்கிக்கொண்டு போய் இறங்கினேன்.

பழையதைக் கழற்றும்போது என் மணிக்கட்டில் சிவப்பாக எண்ணெய் சொட்டியது. இறக்கிவைத்துப் பார்த்தால் அடிப்பக்கம் மெல்லிசாக இரண்டு குழாய். புதியதில் அந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் காது குத்தியதுபோல. அண்ணாச்சியின் கார் ஆட்டோமேட்டிக். கால் வலி என்று அவர் கிளட்ச் இல்லாத வண்டியாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். அந்த வகை வண்டியில் கியர் எண்ணெயும் ரேடியேட்டருக்குள் வந்து குளிர்ந்துவிட்டுப் போகும். அதற்குத்தான் அந்த இரண்டு குழாய். கியர் எப்படி என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும்.

முனுசாமி எதிர்வீட்டு மாமரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டையும் துணி பார்ப்பதுபோல் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். முதலில் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டதும் ஓடிப்போய், மூன்று கடை ஏறி இறங்கி, சரியானதை வாங்கி வந்து பொருத்தியபோது மணி ஐந்து. மறுநாள் வண்டி ஊருக்குக் கிளம்பிவிட்டது. இன்றைக்கும் போன் எடுத்தவுடன் என் முதல் கேள்வி கியர்தான். அன்றைக்கு வாசலில் நின்று அண்ணாச்சி சொன்னது:

"நாப்பது சைசுன்னு மட்டும் கேட்டு சட்டையக் கட்டிக் கொடுத்தா எப்படித் தம்பி? முழுக்கையா அரைக்கையான்னு கேக்க வேண்டாமா?"

பிஸ்கட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். தப்பு என்னுடையது என்பதால் எழுதிவிடுகிறேன்.

அடையாறில் ஒரு அபார்ட்மென்ட். கீழே தூண்களுக்கு நடுவில் கார் நிறுத்துகிற இடம். இரண்டாம் மாடிக்காரரின் காருக்கு ரேடியேட்டர். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எங்கள் தலைமேல் நின்றவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ராமநாதன். புதிதாக டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், ஒரு சொட்டு சிந்தக் கூடாது. அவருடைய இன்னொரு கவலை ஒரு தெரு நாய். பிஸ்கட் நிறம், பெயரும் பிஸ்கட். குழந்தைகள் சோறு போட்டுப் பழக்கியிருந்தார்கள். நாய்களுக்கு அனுமதி இல்லை என்று அவர் கையெழுத்தில் ஒரு நோட்டீஸ் கேட்டில் ஒட்டியிருந்தது. அந்த நோட்டீசுக்கு அடியில்தான் அது படுத்திருந்தது.

பழைய பச்சைக் கூலன்டைத் தட்டில் வடித்தேன். தட்டு வழியில் இருக்கிறது, யாராவது இடறினால் டைல்ஸ் போய்விடும் என்று ராமநாதன் சொல்லவே, மோட்டார் ரூம் ஓரமாக எடுத்துப்போய் வைத்தேன். மூடவில்லை. கூலன்ட் இனிக்கும், அதைக் குடித்த நாய் பிழைப்பது கஷ்டம் என்று சர்வீஸ் சென்டரில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். அந்த நான்தான் மூடவில்லை.

முனுசாமிதான் பார்த்தார். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, நாயின் மூஞ்சியில் பச்சையாக ஏதோ இருக்கிறது என்றார். ரேடியேட்டர் இல்லாத கார் முன்னால் நிற்கிறது, என்னிடம் இருப்பதோ டூவீலர். எவ்வளவு குடித்தது தெரியாது, இப்போதே டாக்டரிடம் போனால் பிழைக்கும், சாயங்காலம் போனால் பிழைக்காது என்று ராமநாதனிடம் சொன்னேன். அவர் தன் கார்ச் சாவியை முனுசாமியிடம் கொடுத்து ஓட்டச் சொல்லிவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார், நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். வெள்ளை சீட் கவர், வெள்ளை வேட்டி. பாதி வழியில் நாய் அவர் மடியிலேயே வாந்தி எடுத்தது. அது நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டார். நல்லது என்றேன். எனக்குத் தெரியாது, ஆனாலும் சொன்னேன்.

டாக்டர் ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். நான் திரும்பிப் போய் வேலையை முடித்துவிட்டு, இரண்டு நாளும் காலையில் அங்கே போனேன். இரண்டு நாளும் ராமநாதன் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் பிஸ்கட் எழுந்து தண்ணீர் குடித்து, டாக்டரின் கையை நக்கியது. இப்போதெல்லாம் வடிக்கிற கூலன்ட் அந்த நிமிஷமே மூடி போட்ட கேனுக்குள் போய்விடும். கேனை விட்டு முனுசாமியின் கண் அகலாது. ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்க அந்த அபார்ட்மென்டுக்குப் போனேன். கேட்டில் நோட்டீஸ் இருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. ராமநாதன் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் சொன்னார்:

"உங்களை நான் மன்னிச்சேனான்னு கேக்காதீங்க, அதைப் பிஸ்கட்டுகிட்ட கேளுங்க, அது வாலை ஆட்டுது, நான் என்ன சொல்ல."

பாதி மார்க்

சாந்தோமில் எனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்த ஞானப்பிரகாசம் சாரின் கார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கடற்கரைச் சாலையில் ஓடும்போது முள் ஏறுவதில்லை, லஸ் சிக்னலில் நின்றால் ஏறிவிடுகிறது என்றார். பானட்டைத் திறந்தேன். ரேடியேட்டரின் ஓரத்தில் ஈரக்கசிவு. பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மறுநாளே புதியதைப் பொருத்தியும் விட்டேன்.

அடுத்த நாள் சார் போன் செய்தார். கோபம் இல்லாமல், வருகைப்பதிவு வாசிக்கிற குரலில், முள் திரும்பவும் ஏறுகிறது என்றார். போய்ப் பார்த்தால் ஃபேன் ஓடவில்லை. ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கிற ரிலே என்ற தீப்பெட்டி அளவுச் சாமான் செத்துக் கிடந்தது. வண்டி ஓடும்போது காற்றே குளிரவைத்துவிடும், நிற்கும்போது ஃபேன்தான் வேலை செய்ய வேண்டும். இது என் தொழிலில் முதல் பாடம். ரிலேயை மாற்றினேன், முள் நடுவில் நின்றது. புதிய ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறேன் என்றேன். பழையதும் கசிந்தது நிஜம்தானே, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, நான் எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். நாற்பத்தேழு வயதில், வாசலில் அயல்வீட்டார் பார்க்க, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னேன். நின்றால் சூடு, ஓடினால் சூடில்லை என்று கேள்வியிலேயே கொடுத்திருந்தேனே, அந்தத் தகவலை எந்த இடத்தில் பயன்படுத்தினாய் என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"விடை தப்பு சேவியர், ஆனா ஸ்டெப் எழுதியிருக்கே, அதனால பாதி மார்க், அப்பவும் இதையேதான் சொன்னேன், கேள்வியை ரெண்டு தரம் படிக்கணும்."

உட்கார்ந்து பார்க்கிற வேலை

பெருங்குடியிலிருந்து கார்த்திக் என்றொருவர் போன் செய்தார். ரேடியேட்டரை அவரே தேர்ந்தெடுத்து வாங்கி வைத்துவிட்டார். அவரே மாட்டப் போகிறார். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், எதையும் தொடக்கூடாது, தப்பாகப் போனால் மட்டும் வாய் திறக்கலாம். கூலி வழக்கம்போல. இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று முனுசாமி நம்பவே இல்லை. பார்க்கவே கூட வந்தார்.

போனால், காருக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர், அதன்மேல் பேனாவால் நம்பர். கார்த்திக்குக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முகச்சவரம் செய்து பல நாள் ஆனதுபோல் இருந்தது. கையில் படிப்படியாகக் குறித்துவைத்த ஒரு காகிதம். காகிதத்தைப் பார்ப்பார், காரைப் பார்ப்பார், ஒரு போல்ட்டைக் கழற்றுவார், கவரில் போடுவார். இரண்டு மணி நேர வேலைக்கு ஐந்தரை மணி நேரம். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவை, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஏ.சி. குழாயின் நட்டில் அவர் ஸ்பானரை வைத்தபோது மட்டும், அதைத் தொட்டால் கேஸ் எல்லாம் போய்விடும் என்றேன். உடனே கையை எடுத்துவிட்டார். வேறு வழி யோசித்தார். பத்து நிமிஷத்தில் அவரே கண்டுபிடித்தார். முனுசாமி என் பக்கம் குனிந்து, நல்ல கை என்றார். அவர் அப்படி யாரையும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஃபேன் ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஓடியது. முகத்தில் கரியோடு சிரித்தார். கவரில் ஒரு போல்ட்கூட மிச்சமில்லை. கைகழுவ உள்ளே போனார். அவர் மனைவி வாசல்வரை எங்களோடு வந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் கம்பெனியில் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், அன்றிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று அப்போதுதான் எங்களுக்குச் சொன்னார். காரைப் பழுதுபார்க்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, கெட்டுப்போனாலும் போகட்டும் என்று இவர்தான் சரி என்றாராம். உள்ளேயிருந்து கார்த்திக் ஏதோ கேட்கிற குரல் வந்தது. மனைவி திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பசிக்குதுன்னு சொல்றார் சார், ரெண்டு மாசத்துல இன்னிக்குத்தான் அவரா கேக்கறார்."

மூக்கைத் தூக்கி

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் செல்வி என்று ஒரு டாக்சி டிரைவர். சொந்த வண்டி, அவர்தான் முதலாளி, அவர்தான் டிரைவர். வாரத்தில் மூன்று நாள் பெசன்ட் நகரில் இருக்கிற ஒரு பெரியவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். வேறு யார் வண்டியிலும் அந்தப் பெரியவர் ஏறமாட்டார். ஏறி இறங்க, செல்வி தோள் கொடுத்துப் பழக்கம். மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்தச் சவாரி. முந்தின நாள் மத்தியானம் வண்டி கொதித்து நின்றுவிட்டது.

அந்தச் சந்துகளுக்குள் கார் நுழையாது. படகுகளும் வலைகளும் கிடக்கிற ஓரத்தில் நின்றிருந்தது. ரேடியேட்டரைத் தொட்டேன், அதன் தகடுகள் நொறுங்கின அப்பளம்போல் கையோடு வந்தன. கடல் காற்றின் வேலை. புதியதை இறக்கி வைத்தோம். கீழே வருகிற ரப்பர் ஹோஸின் கிளிப் மட்டும் என் கைக்கு எட்டவில்லை, முனுசாமி கைக்கு இடுக்கில் நுழையவே வழியில்லை. செல்வி புடவைக்கு மேல் போட்டிருந்த காக்கிச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு, சாக்கை விரித்துப் படுத்து, வண்டிக்கு அடியில் போனார். எதிரில் மீன் விற்கிற பெண்கள் வியாபாரத்தை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கிளிப் இறங்கியது.

கூலன்ட் ஊற்றி ஓடவிட்டால், முள் மறுபடியும் ஏறுகிறது. உள்ளே எங்கேயோ காற்று மாட்டிக்கொண்டுவிட்டது. காற்றுக் குமிழ் இருக்கிற இடத்துக்குக் கூலன்ட் போகாது. அணைத்து, ஆறவிட்டு, திரும்ப ஊற்றி, திரும்ப ஓடவிட்டு இரண்டு தடவை பார்த்தோம். காற்று வெளியேறட்டும் என்று ஹீட்டரை முழுசாக வைத்தும் பார்த்தோம். சென்னையில் சித்திரை வெயிலில் கார் ஹீட்டர் போடுகிறவர்கள் எங்கள் தொழில்காரர்கள் மட்டும்தான். பயனில்லை. மணி நாலரை. செல்வி பெரியவரின் மகளுக்குப் போன் செய்து, நாளைக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். ரேடியேட்டர் மூடிதான் இருப்பதிலேயே உயரத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் காற்று மேலே வரும், இந்தச் சமதரையில் நான் என்ன செய்ய என்று வாய்விட்டுச் சொன்னேன். செல்வி சுற்றிப் பார்த்தார். வண்டியில் ஏறி, படகை இழுத்து ஏற்றுகிற சரிவில் பலகை போடச் சொல்லி, முன்சக்கரம் மேலே இருக்கும்படி கொண்டுபோய் நிறுத்தினார். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பின்சக்கரத்துக்கு முனுசாமி கல் வைத்தார்.

ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே எங்கேயோ குடுகுடுவென்று ஒரு சத்தம். திறந்திருந்த வாயில் ஒரு பெரிய குமிழ் வந்து உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. கூலன்ட் மளமளவென்று உள்ளே இறங்க, நான் ஊற்ற ஊற்ற அது குடித்துக்கொண்டே இருந்தது. முள் நடுவில் வந்து நின்றது. மீன்காரப் பெண்களில் ஒருவர் கைதட்டினார். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து செல்வி போன் செய்தார்:

"பெரியவர உள்ள உட்டுட்டேண்ணே, முள்ளு அசையல, பால் குடிச்ச புள்ளயத் தோள்ல போட்டு ஏப்பம் உட வெக்கிறோமே, அவ்ளோதான கீது இதுல, அதப் போயி நீங்க பெரிய வேலையாட்டம் சொல்லிக்கினு இருந்தீங்க."

மொத்தத்தில் இந்தத் தொழில் இவ்வளவுதான்: ரேடியேட்டரை மாட்டுவதற்கு இரண்டு மணி நேரம், மீதி நேரமெல்லாம் நாம் மாட்டிக்கொள்வதற்கு.